முதலில் பிரதி, பிறகே பரிகாரம்

சென்ற இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் நம் ஊர்களில் நடந்த கல்யாணங்களும் காதணி விழாக்களும் புதுமனை புகுவிழாக்களும் அறுபதாம் கல்யாணங்களும் எத்தனையோ வீடுகளில் இன்று பீரோவின் மேல்தட்டில், மணமக்களின் படம் அச்சிட்ட தாள் ஒட்டிய டி.வி.டி. வட்டுகளாக உறங்கிக்கொண்டிருக்கின்றன. வீடியோக்காரர் தம் கணினியில் எழுதிக் கொடுத்த அந்த வட்டுகளுள் ஒன்றை, வெளியூரிலிருந்து வந்த உறவினருக்குக் காட்டும் பொருட்டு வீட்டார் எடுத்துப் போடும்போது, பெண்ணழைப்பும் நலங்கும் குறைவின்றி ஓடி, முகூர்த்தம் நெருங்கும் சமயத்தில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி, ஒலி விக்கி, பிறகு முற்றிலும் நின்றுபோவது சர்வ சாதாரணமாகிவிட்டது. அவ்வேளையில் நடக்கும் காரியங்களும் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடக்கின்றன: வட்டை எடுத்து வேட்டி நுனியால் சுற்றிச் சுற்றித் துடைப்பது, வாயால் ஊதுவது, மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்ப்பது, யாரோ சொன்னதை நம்பிப் பற்பசை தேய்ப்பது, முடிவில் ‘டிஸ்க் போயிடுச்சு’ என்று தீர்ப்புக் கூறித் தூக்கி எறிவது. இந்த வரிசை முழுவதும் தலைகீழானது என்பதும், தடுமாறத் தொடங்கிய வட்டுக்கு முதற்கண் செய்யத்தக்கது வைத்தியமன்று, பிரதி எடுத்தலே என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதன் நியாயத்தை உணர வேண்டுமானால், நாம் எழுதும் வட்டுக்கும் கடையில் வாங்கும் திரைப்பட வட்டுக்கும் உள்ள பேதத்தை அறிய வேண்டும். 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி., 12 செ.மீ. குறுக்களவும் 1.2 மி.மீ. கனமும் உடையது, அந்தக் கனமும் ஒரே தகட்டினால் ஆனதன்று, 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசையால் ஒட்டியதாகும். செய்தியெல்லாம் அவ்விரண்டுக்கும் நடுவே, உட்புறத்தில் தொடங்கி வெளிநோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே தடத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஆயிரத்து முந்நூறு சுற்றுகளுக்கு மேல். ஆலையில் செய்த வட்டில் இந்தத் தடத்தின் குழிகள் அச்சினால் பிளாஸ்டிக்கில் அழுத்தப்பெற்று உலோகப் பூச்சினால் மூடப்பட்டவை. ஒரு முறை எழுதத்தக்க வட்டிலோ அத்தகைய குழிகள் கிடையா; மெல்லிய படலமாகப் பூசப்பட்ட ஒரு கரிமச் சாயத்தை எழுதும் கருவியின் லேசர் கதிர் ஆங்காங்கே சுட்டு அதன் ஒளித்தன்மையை மாற்ற, அந்தச் சூட்டுத் தழும்புகளையே பிளேயர் குழிகளாகக் கொண்டு படிக்கிறது. பிளாஸ்டிக்கில் அழுத்திய அச்சுக்கும் சாயத்தில் விழுந்த தழும்புக்கும் ஆயுளில் வேற்றுமை இருத்தல் இயல்பே; வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடும் வல்லமை படைத்தவை.

இவ்வளவு நுண்ணிய தடத்தில் தூசியும் விரல் ரேகையும் பிழை விளைவிக்காமல் இரா என்பதை இதை வகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலால், 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட கணித முறையைக் கைக்கொண்டு, ஒவ்வொரு 172 பைட் செய்திக்கும் 10 பைட் காவல் எண்களையும், அத்தகைய 192 வரிசைகளுக்குக் குறுக்கே மேலும் 16 வரிசைக் காவல் எண்களையும் சேர்த்து வைத்தனர். சேதம் ஓர் எல்லைக்குள் நிற்கும் வரையில், அழிந்த எண்கள் எவை என்பதை எஞ்சிய எண்களிலிருந்து கணக்கிட்டுப் பிளேயர் மீட்டுவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. இந்த ஏற்பாட்டின் மகிமையும் அபாயமும் ஒன்றே. பழைய வீடியோ கேசட்டில் நாள் ஆக ஆக நிறம் மங்கும், கோடு விழும், படம் நடுங்கும். அதன் முதுமை எல்லோருக்கும் பிரத்தியட்சம். வட்டின் முதுமையோ உள்ளுக்குள்ளேயே நிகழ்கிறது. பிழைகள் நூறாகி, ஆயிரமாகிப் பெருகிக்கொண்டிருந்தாலும் திரையில் மணப்பெண்ணின் பட்டுப்புடவை முதல் நாளைப் போலவே பளபளக்கிறது. எல்லையைத் தாண்டிய கணத்தில் அந்த இடம் ஒரேயடியாகக் குலைந்துபோகிறது. குலைவதும் சிறிய அளவில் நிற்பதில்லை. டி.வி.டி.யில் படத்தின் ஒவ்வொரு சட்டமும் (ஃபிரேம்) முழுமையாக எழுதப்படாமல், ஒரு முழுச் சட்டமும் அதைத் தொடர்ந்து வருகின்றவற்றில் மாறிய பகுதிகளுமே எழுதப்படுவதால், ஓரிடத்துச் சேதம் அரை வினாடிக் காட்சியைச் சதுரங்களாகச் சிதைத்துவிடும்.

ஆகவே, ‘போன பொங்கலுக்குக்கூட நன்றாக ஓடியதே’ என்பது வட்டின் ஆரோக்கியத்துக்குச் சாட்சியாகாது. காவல் எண்கள் தோற்றுப்போன இடத்தையே திரையில் தோன்றும் முதல் தடுமாற்றம் காட்டுகிறது. அதே வட்டில் தோல்வியின் விளிம்பில் நிற்கும் இடங்கள் இன்னும் எத்தனை என்பது திரையில் தெரியாது. அந்த நிலையில் அதைப் பத்து முறை சுழலவிட்டுச் சோதிப்பதும், கண்ட துணியால் தேய்ப்பதும், மீட்கக்கூடியதையும் மீட்க முடியாததாக்கும் செயல்களாம்.

இனி, குற்றம் வட்டினுடையதுதானா என்று விசாரியாமல் தீர்ப்புக் கூறுவதும் நியாயமன்று. விசாரணை மிகவும் எளியது. அதே பிளேயரில் வேறு சில வட்டுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே வட்டை வேறொரு பிளேயரிலோ கணினியிலோ போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா வட்டுகளும் ஒரு பிளேயரில் மட்டும் திக்குமாயின், லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், அல்லது லேசர் பலம் குன்றியிருக்கலாம். கடையில் வாங்கிய திரைப்படங்களை ஓட்டிவிட்டு, வீட்டில் எழுதியவற்றை மட்டும் ‘நோ டிஸ்க்’ என்று தள்ளும் பிளேயர் பெரும்பாலும் இந்த இரண்டாவது நோயால் பீடிக்கப்பட்டதே; தெளிவான அச்சைப் படிக்கும் சக்தி இருந்தும், தழும்பைப் படிக்கும் சக்தி அதற்கு இல்லை. ஒரு வட்டு எந்தக் கருவியில் போட்டாலும் ஒரே நிமிஷத்தில் ஒரே காட்சியில் நிற்குமானால் மட்டுமே குற்றத்தை அவ்வட்டின்மீது சுமத்தலாம்.

கணினியில் சீராக ஓடி, பிளேயரில் அடியோடு ஓடாத வட்டு வேறொரு வகையைச் சேர்ந்தது. அங்கே கோளாறு சேதத்தில் இல்லை, எழுதிய விதத்தில் இருக்கிறது. பயனியர் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ‘மைனஸ் ஆர்’ என்ற வகையும், போட்டியாக வந்த ‘பிளஸ் ஆர்’ என்ற வகையும் கண்ணுக்கு ஒன்றேயாயினும், பழைய பிளேயர்கள் சில ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும். அழித்து அழித்து எழுதத்தக்க ‘ஆர்.டபிள்யூ.’ வட்டு, தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 முதல் 30 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. சாதாரண வட்டு அனுப்புவதோ 45 சதவீதத்துக்கு மேல். ஆதலால் பழைய பிளேயர் அதை வேறு வகை வட்டென மயங்கிக் கைவிடுகிறது. எழுதிய பின் ‘ஃபைனலைஸ்’ என்னும் முடிப்புச் செய்யாமல் விட்ட வட்டை, எழுதிய கருவியைத் தவிர மற்றவை பெரும்பாலும் படிப்பதில்லை. அந்தக் கருவி கைவசம் இருந்தால் இன்றும் அதை முடித்துவிடலாம். வீடியோ கோப்பை அப்படியே கோப்பாகப் பதித்துவிட்டு, பிளேயர் எதிர்பார்க்கும் ‘வீடியோ டி.எஸ்.’ என்ற அடைவையும் அதற்குரிய அமைப்பையும் உண்டாக்காமல் விட்டவர்களும் உண்டு. அமெரிக்காவிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ இங்கிருந்து அனுப்பிய கல்யாண வட்டு அங்கே ஓடவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் பகுதிக் குறியீடு அன்று. வீட்டில் எழுதும் வட்டில் அந்தக் குறியீட்டுக் கட்டுப்பாடு வைக்கப்படுவதே அரிது. 576 கோடுகளும் வினாடிக்கு 25 சட்டங்களும் கொண்ட நம் ‘பால்’ முறைப் படத்தை, 480 கோடுகள் கொண்ட ‘என்.டி.எஸ்.சி.’ முறைக்கென்றே செய்த அந்நாட்டுப் பிளேயர்கள் பல காட்டுவதில்லை. இவையெல்லாம் கணினியில் மறுபடி எழுதிவிட்டால் தீரும் குறைகளே. இவற்றை வட்டின் மரணமாகக் கருதி ஒப்பாரி வைப்பது அநாவசியம்.

உண்மையாகவே சேதமுற்ற வட்டில், அது எங்கே நிற்கிறது என்பது பல சங்கதிகளைச் சொல்லும். எழுத்து உள்ளிருந்து வெளிநோக்கிப் போவதால், படத்தின் பிற்பகுதி வட்டின் வெளி விளிம்பில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் சுகமாக ஓடி முடிவில் திணறும் வட்டுகள் அதனாலேயே அதிகம். விரல் முதலில் படுவது அந்த விளிம்பில். வட்டு சிறிது வளைந்தாலும் ஆட்டம் மிகுவது அங்கே. மலிவான வட்டுகளில் சாயப் பூச்சின் சீர் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். 4.7 ஜிகாபைட் கொள்ளும் என்று உறையில் இருக்கிறதே என்பதற்காகக் கடைசி அங்குலம் வரையில் நிரப்பி எழுதியவர், மிகவும் பலவீனமான நிலத்தில் மிகவும் அருமையான காட்சியை வைத்தவராகிறார். தொடக்கம் முதல் இறுதி வரையில் ஆங்காங்கே விக்கும் வட்டோ வேறு கதை சொல்கிறது. டி.வி.டி. வீடியோவின் விதிப்படி படம், ஒலி எல்லாம் சேர்ந்து வினாடிக்கு 10.08 மெகாபிட்டுக்கு மேற்படலாகாது. தெளிவு வேண்டும் என்ற ஆசையால் அந்த உச்சவரம்பை ஒட்டியே எழுதிய வட்டில், கீறல் பட்ட இடத்தை மறுபடி படிக்கப் பிளேயருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. இரட்டை அடுக்கு வட்டில் நடுவே ஒரு கணம் படம் நின்று தொடர்வது மட்டும், ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்கு லேசர் மாறுவதன் அடையாளமேயன்றி நோயன்று.

சேதத்தின் காரணங்களுள் நாமே அலங்காரமென்று எண்ணிச் செய்யும் ஒன்று பிரதானமானது, அதுதான் ஒட்டுத்தாள். மணமக்களின் வண்ணப் படத்தைப் பசைத்தாளில் அச்சிட்டு வட்டின் முதுகில் ஒட்டுவது நம் ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அந்தத் தாள் ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, கூடவே வட்டையும் இழுத்து வளைக்கிறது. மையம் சிறிது விலகி ஒட்டியிருந்தாலும் சுழலும்போது வட்டு அதிர்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான ‘நிஸ்ட்’ 2003-இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, வட்டுகளில் ஒட்டுத்தாளே வேண்டாம் என்று சொல்கிறது. நீரை ஆதாரமாகக் கொண்ட மையுடைய மென்முனைப் பேனாவினால் எழுதுவதே அது கூறும் வழி. ஒட்டிவிட்ட தாளை இப்போது உரித்தெடுக்க முயல்வது அதைவிடக் கேடு.

அதே கையேட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு முறை எழுதும் வட்டுகள் தகுந்த சூழ்நிலையில் 100 முதல் 200 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ நீடிக்கும் என்பது சோதனை செய்த உற்பத்தியாளர்களின் கருத்து என்று அது சொல்கிறது. இந்த நூறாண்டு வாக்கை நம்பி நிம்மதியடைபவர்கள், அந்தத் தகுந்த சூழ்நிலை யாதென்று அது வரையறுத்திருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 4 முதல் 20 டிகிரி செல்ஸியஸ் வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமுமாம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ எந்த வீட்டு அலமாரியில், ஆண்டின் எந்த மாதத்தில், இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கும்? அந்த நூறாண்டு நம்மூர்ப் பீரோவுக்குக் கொடுத்த வாக்குறுதியன்று. அதோடு, எழுதாத வெற்று வட்டும் காலத்தால் கெடுவதே. 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும் என்பது அக்கையேட்டின் கணிப்பு. மலிவு கருதிச் சென்னை ரிச்சி தெருவில் ஐம்பது வட்டு டப்பாவாக வாங்கி வைத்து, ஆண்டுக் கணக்கில் மீந்து கிடந்ததில் எழுதிக் கொடுத்த வட்டு பிறக்கும்போதே பாதி வயது கழிந்ததாகும்.

துடைக்கும் முறையிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. தடம் வட்டமாகச் செல்வதால், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். அப்போது தப்பித் தவறிக் கீறல் விழுந்தாலும் அது தடத்தைக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே சேதம் செய்யும். காவல் எண்கள் அதைச் சமாளித்துவிடும். சுற்றிச் சுற்றித் துடைப்பதால் விழும் கீறலோ தடத்தோடு தடமாக ஓடி, தொடர்ச்சியாக ஒரே இடத்துச் செய்தியை அழித்து, கணிதத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட நஷ்டத்தை உண்டாக்கும். மென்மையான பருத்தித் துணியும், தேவையானால் சுத்தமான நீரும் போதும். பற்பசை அராவும் பொருள். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அது தேய்க்கிறது. சாயம் வெளுத்ததால் நேர்ந்த பிழையை எந்தப் பசையும் தீர்க்காது. வேறு வழி எல்லாம் அற்றுப்போன வட்டில் கடைசியாகச் செய்து பார்க்கும் அந்தப் பரீட்சையை முதல் வைத்தியமாகக் கொள்வது பேதைமை.

பிரதி எடுப்பதோ, பலர் அஞ்சுவதுபோல் நிபுணர்களுக்கு மட்டுமே உரிய வித்தையன்று. கணினியில் வட்டைத் திறந்தால் ‘வீடியோ டி.எஸ்.’ அடைவுக்குள் படம் ஒரே கோப்பாக இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்படாத துண்டுகளாகப் பிரிந்திருப்பதைக் காணலாம். ஒரு துண்டு கெட்டால் மற்றவற்றை அது தடுப்பதில்லை. ஆகையால் முழு வட்டையும் ஒரே மூச்சில் நகலெடுக்க முயன்று பாதியில் தோற்பதைவிட, நல்ல துண்டுகளை முதலில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, தகராறான துண்டை இறுதியில் கவனிப்பது விவேகம். அந்தத் துண்டுக்கும் உபாயங்கள் உண்டு. டிரைவ்களின் படிக்கும் திறமை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று மறுத்ததை மற்றொன்று நிதானமாகப் படித்துவிடுதல் கண்கூடு. ‘ஜி.என்.யு. டி.டி.ரெஸ்க்யூ’ போன்ற இலவச மென்பொருள்கள், படிக்க முடிந்தவற்றையெல்லாம் முதலில் சேகரித்துக்கொண்டு, முடியாத இடங்களுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் திரும்பி வரும். ஒரு டிரைவில் விட்ட இடத்தை மற்றொரு டிரைவில் நிரப்பிக்கொள்ளவும் அவற்றால் இயலும். அப்படியும் மீளாத பகுதி சில வினாடிகளாக இருக்குமேயானால், அந்தச் சில வினாடிகளை இழந்து இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றியவராவோம். பிரதி கைக்கு வந்த பின் வட்டைத் துடைக்கலாம், மெருகு போடலாம், எந்தப் பரீட்சையும் செய்யலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். கணினியின் ஹார்டு டிஸ்க்கும் பென் டிரைவும் மட்டும் சிரஞ்சீவிகளா, அவையும் ஒரு நாள் திடீரென்று கண்மூடுபவையல்லவா என்று கேட்பவர்கள் கேட்பது சரியே. எந்தச் சாதனமும் நிலையானதன்று. ஆனால் நிலையற்ற சாதனத்தில் நிலைத்த பொருளைக் காப்பாற்றும் கலை தமிழர்களுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களும் சீவக சிந்தாமணியும் ஏதோ ஓர் ஏட்டுச் சுவடி ஆயிரம் ஆண்டுகள் செல்லரிக்காமல் இருந்ததால் நமக்குக் கிடைத்தவையல்ல. ஏடு பழுதாகும் முன்னரே அடுத்தடுத்த தலைமுறையினர் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வந்ததால், 1887-இல் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியை அச்சேற்றும் வரையில் வந்து சேர்ந்தவை. பெயர்த்தெழுதுவார் இன்றி ஒழிந்த நூல்களோ எண்ணிறந்தன. ஆதலால் வட்டிலிருந்து எடுத்ததை ஒரே பெட்டியில் பூட்டி வைத்துத் திருப்தியடையாமல், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், கூடுமானால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திறந்து சரிபார்த்துப் புதுப்பிப்பதுமே தக்கது.

ஒத்திப்போடுவதற்கு இப்போது அவகாசமும் குறைந்துவிட்டது. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் டி.வி.டி. டிரைவ் இல்லாமலே வருகின்றன. நொய்டா வட்டாரத்தில் ஆலைகள் வைத்து உலகுக்கெல்லாம் வெற்று வட்டுகளை அனுப்பியதும், தமிழ்த் திரைப்படங்களை மலிவு விலை வட்டுகளாக நம் வீடுகளுக்குக் கொண்டுவந்ததுமான மோசர் பேர் நிறுவனம் 2018-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025-இல் நிறுத்திவிட்டது. வட்டு பிழைத்திருந்தும் அதைப் படிக்கும் கருவி கிடைக்காத காலம் நெருங்குகிறது. யு.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி டிரைவ் இன்றும் சுலபமாகக் கிடைப்பதால், ஒரு தெருவுக்கோ ஓர் உறவினர் கூட்டத்துக்கோ ஒன்று இருந்தால் போதும். ஒரு விடுமுறைக் காலத்தில் எல்லோருடைய வட்டுகளையும் பெயர்த்துவிடலாம்.

பொறுப்பை முழுவதும் வீட்டாரின் தலையிலேயே கட்டுவதும் தர்மமன்று. எழுதி முடித்த வட்டை மூலக் கோப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ என்ற வசதி எழுதும் மென்பொருள்களில் எப்போதுமே இருந்து வந்திருக்கிறது. சில நிமிஷங்களை மிச்சப்படுத்த அதை விலக்கிவிட்டு, வட்டு தாங்கும் உச்ச வேகத்தில் எழுதி, அவசர அவசரமாக உறையில் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்களின் அசிரத்தையும் இந்தத் துயரங்களில் கணிசமான பங்கு வகிக்கிறது. வைபவம் ஒரு முறைதான் நடக்கிறது. அதைப் பதிவு செய்பவருக்குக் கூலி கொடுத்தவர், வட்டை மட்டுமன்றி மூலக் கோப்பையும் கேட்டுப் பெற உரிமையுடையவர். பழைய வாடிக்கையாளரின் கோப்புகளை இன்னமும் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்கள், அவற்றை அழித்து இடம் பண்ணுவதற்கு முன், உரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புவது தொழில் மரியாதையின் பாற்பட்டது. வீட்டாரோ வட்டு நிற்கும் வரையில் காத்திராமல், இன்று ஒழுங்காக ஓடுகின்றவற்றிலிருந்தே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். நின்றுபோன வட்டிலிருந்து மீட்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, ஓடும் வட்டிலிருந்து பெயர்ப்பதற்கு அரை மணி நேரச் சிரத்தை இருந்தால் போதும்.